மைட்டோகாண்ட்ரியா பெப்டைட்களைச் சேர்த்துப் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு இரண்டு பேராவது கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். விரல் உயரக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி, மேலே 'எஸ்எஸ்-31' என்றோ 'மாட்ஸ்-சி' என்றோ அச்சு. முதுமையைத் தள்ளிப்போட, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று விற்கப்படும் பெப்டைட் ஊசிகள் இவை. "இதை எப்படிக் கலக்கணும்? ரெண்டையும் ஒரே நாள்ல போடலாமா?" என்பதுதான் கேள்வி. மருந்தாளுநராகப் பல வருடம் கடையில் நின்றவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் முதுமைக்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கூடத்தில் 'செல்லின் ஆற்றல் மையம்' என்று படித்தது நினைவிருக்கும். சாப்பிட்ட சோறும் இழுத்த மூச்சும் சேர்ந்து ஏடிபி என்ற ஆற்றல் நாணயமாக மாறும் இடம் அது. அதன் உள்சவ்வு புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து இருக்கும். அந்த மடிப்பைக் கட்டுக்குலையாமல் வைத்திருப்பது கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு. ஆற்றல் தயாரிக்கும் புரதங்கள் அந்த மடிப்புகளில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வயதாக ஆக மடிப்புகள் தளர்கின்றன, ஏடிபி குறைகிறது, உருவாகும் கழிவு செல்லையே அரிக்கிறது. அதிக ஆற்றல் கேட்கும் உறுப்புகளான தசை, இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றில் இது முதலில் தெரியும். அறுபதைத் தாண்டியவர் மாடிப்படியில் பாதியில் நிற்பதற்கு முட்டிவலி மட்டுமே காரணமாக இருப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். நமக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அதிலிருந்து 13 புரதங்கள்தான் உருவாகின்றன என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன.

பெப்டைட் என்றால் என்ன? ஏன் மாத்திரையாகத் தருவதில்லை?

அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்தால் கிடைப்பது பெப்டைட். நீளமாகக் கோத்தால் புரதம். நம் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினும் 51 மணிகள் கொண்ட பெப்டைட்தான். எடை குறைக்கும் செமாகுளுடைடும் அதே குடும்பம். வயிற்றுக்குள் போனால் பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலவே இவற்றையும் குடல் செரித்துவிடும், அதனால் பெரும்பாலும் ஊசிதான்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொல்லப்படும் பெப்டைட்கள் எவை?

பெயர்கள் நிறைய. அறிவியல் கனம் உள்ளவை மூன்று.

எஸ்எஸ்-31, மருந்துப் பெயர் எலாமிப்ரிடைட். இது இயற்கையில் இல்லாதது, ஆய்வகத்தில் உருவாக்கியது. ஹேசல் செட்டோ, பீட்டர் ஷில்லர் இருவரின் பெயர்களின் முதலெழுத்துகள்தான் 'எஸ்எஸ்'. நான்கே நான்கு அமினோ அமிலங்கள். அது நேராக உள்சவ்வுக்குப் போய்க் கார்டியோலிப்பினைப் பற்றிக்கொள்கிறது.

மாட்ஸ்-சி நம் உடலே தயாரிப்பது, 16 அமினோ அமிலங்கள். 2015இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹான் டேவிட் லீ, பிஞ்சாஸ் கோஹன் குழுவினர் இதை அறிவித்தார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில், புரதம் எதுவும் தராத வெறும் ஆர்என்ஏவுக்கான பகுதி என்று ஒதுக்கிவைத்த இடத்துக்குள் இதற்கான குறிப்பு ஒளிந்திருந்தது. செல்லில் எரிபொருள் குறையும்போது எச்சரிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியை இது தூண்டுகிறது. கொழுப்புத் தீனி கொடுத்த எலிகளுக்கு இதைச் செலுத்தியபோது உடல் பெருக்கவில்லை, இன்சுலினும் சரியாக வேலை செய்தது.

மூன்றாவது ஹியூமனின். மூன்றில் மூத்தது இதுதான், இதன் கதையும் அழகானது. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் நிஷிமோட்டோ குழுவினர், அல்சைமர் நோயால் இறந்த ஒருவரின் மூளையில், நோய் தொடாமல் விட்டிருந்த பின்பகுதியை எடுத்து, அங்கே செல்களைக் காப்பாற்றியது எது என்று தேடினார்கள். 2001இல் கிடைத்தது 24 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைட். இதுவும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் ஆர்என்ஏ பகுதிக்குள்ளிருந்து வருவது. '13 புரதங்கள் மட்டும்' என்ற கணக்கு அன்றைக்கே ஆட்டம் கண்டது. நூறு வயதைத் தாண்டியவர்களின் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஹியூமனின் அதிகம் இருப்பதாகவும் பின்னர் கண்டார்கள்.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. அந்த ஈர்ப்பு வேறு, குப்பியை உடைத்துப் போட்டுக்கொள்வது வேறு.

இவற்றைச் சேர்த்துப் போடச் சொல்வதன் தர்க்கம் என்ன?

விற்பவர்கள் சொல்வது இப்படி: "முதலில் எஸ்எஸ்-31 சவ்வைச் செப்பனிடும். பிறகு மாட்ஸ்-சி ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும். கூடவே என்ஏடி ஊசி எரிபொருள் தரும். மூன்றும் மூன்று இடத்தில் வேலை செய்வதால் பலன் மூன்று மடங்கு."

(என்ஏடி என்பது வைட்டமின் பி3யிலிருந்து உடல் செய்துகொள்ளும் துணைப்பொருள்.) கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் சுவரைப் பூசுவதில்லையா, அதுபோல. ஆனால் உடலுக்குள் ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசை இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடக்கின்றன.

சேர்த்துப் போட்டால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரமே இல்லையா?

இருக்கிறது, எலிகளில். அதை மறைப்பது நியாயமில்லை. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 24 மாத வயதான கிழட்டு எலிகளுக்கு எஸ்எஸ்-31ஐயும், என்ஏடியாக மாறும் என்எம்என்னையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் வேலையை எஸ்எஸ்-31 சீராக்கியது. வேலை கூடும்போது சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் வேலையில் என்எம்என் கைகொடுத்தது. சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு பலனும் கிடைத்தன. நல்ல ஆய்வு. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று மனித ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஆய்வு.

ஆனால் மனிதர்களில், நல்லதோடு நல்லதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு இரண்டு உதாரணங்கள் கைவசம் இருக்கின்றன. இரண்டையும் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஒன்று, 2009. உடற்பயிற்சி செய்பவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்க வேண்டும். வைட்டமின் சாப்பிடாதவர்களுக்கு அப்படியே நடந்தது, சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. பயிற்சியின்போது மைட்டோகாண்ட்ரியாவில் எழும் சிறு 'புகை', அதாவது முன்பு சொன்ன கழிவுதான், உடலுக்குத் "திருத்திக்கொள்" என்று செய்தி அனுப்புகிறது. வைட்டமின்கள் அந்தப் புகையையே அணைத்துவிட்டன.

இன்னொன்று, 2019. மெட்ஃபார்மின் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை மாத்திரை. அதுவும் ஏஎம்பிகேயைத் தூண்டுவதுதான். அறுபதை ஒட்டியவர்களை 12 வாரம் மூச்சிரைக்கப் பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களின் தசை மைட்டோகாண்ட்ரியா முன்னேறியது, சாப்பிட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் மழுங்கியது. (சர்க்கரைக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பது இதைவிடப் பெரிய விஷயம்.)

இப்போது பாருங்கள். எஸ்எஸ்-31 அந்தப் 'புகை'யைக் குறைப்பது. மாட்ஸ்-சி ஏஎம்பிகேயைத் தட்டுவது. மேலே சொன்ன இரண்டு கதைகளும் இதே இரண்டு பாதைகளில் நடந்தவை. ஆகவே கூட்டினால் மும்மடங்கு என்று கணக்குப் போடுபவர், உடல் கூட்டலும் செய்யும், கழித்தலும் செய்யும் என்பதை மறக்கிறார்.

தனித்தனியாக மனிதர்களில் என்ன நிரூபிக்கப்பட்டிருக்கிறது?

அதிகம் சோதிக்கப்பட்டது எலாமிப்ரிடைட். 2025 செப்டம்பரில் 'ஃபோர்சினிட்டி' என்ற பெயரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் தந்தது. எதற்கு? பார்த் நோய்க்கு. கார்டியோலிப்பினைச் சரியாக அமைக்கும் மரபணு பழுதாகி, ஆண் குழந்தைகளின் இதயத்தையும் தசையையும் தாக்கும் மிக அரிய நோய் அது. 1983இல் நெதர்லாந்து மருத்துவர் பீட்டர் பார்த் விவரித்தது. முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் 12 பேர்தான். மருந்தையும் மருந்தில்லாத போலி ஊசியையும் ஒப்பிட்ட முதல் 12 வாரங்களில் வேறுபாடு தெரியவில்லை. தொடர்ந்து மருந்து எடுத்தபோது முழங்காலை நீட்டும் தசையின் வலு கூடியது. அந்த வலுவை வைத்துத்தான் விரைவு ஒப்புதல். உறுதிப்படுத்தும் ஆய்வு செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேறு மருந்தே இல்லாத அந்தக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதை நினைத்தால் கண் கலங்குகிறது.

வேறு இடங்களில்? பரம்பரை மைட்டோகாண்ட்ரியா தசைநோய் உள்ள 218 பேரிடம் 24 வாரம் தினமும் போட்டுப் பார்த்தார்கள். ஆறு நிமிட நடையிலும் களைப்பிலும் போலி ஊசியை மிஞ்சவில்லை. மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே பழுதானவர்களுக்கே இந்த முடிவு என்றால், 'கொஞ்சம் சோர்வாக இருக்கிறது' என்று வருபவர் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இதயச் செயலிழப்பு ஆய்விலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

முதுமைக்கு நேரடியாக நெருங்கும் ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. 60 முதல் 85 வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். கைத்தசையில் ஏடிபி உற்பத்தி உடனே கூடியது. ஏழாம் நாள் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. தசை களைப்பைத் தாங்கும் திறனும் மாறவில்லை. அதாவது கருவியில் தெரிந்த முன்னேற்றம் கைக்கு எட்டவில்லை.

மாட்ஸ்-சியை அப்படியே மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை. அதைச் சற்றே மாற்றி அமைத்த சிபி4211 என்ற பெப்டைடை, கல்லீரல் கொழுப்பு உள்ள பருமனானவர்கள் சிறு எண்ணிக்கையில் நான்கு வாரம் போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்ட இடத்துத் தடிப்புகளால் ஆய்வே நடுவில் சிலகாலம் நின்றது. ஹியூமனின் இன்னும் எலி, புழு, செல் நிலையில்தான் இருக்கிறது.

என்ஏடி, எபிட்டலான், பிபிசி-157 பற்றி?

என்ஏடி பெப்டைடே அல்ல, முன்பே சொன்னதுபோல ஒரு துணைப்பொருள். எபிட்டலான் ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்கிலிருந்து வந்த நான்கு அமினோ அமிலப் பெப்டைட். பிபிசி-157 காயம் ஆற்றும் என்று விற்கப்படுவது. எபிட்டலான், பிபிசி-157, மாட்ஸ்-சி மூன்றையுமே 2023இல் எஃப்டிஏ, மருந்துக்கடைகள் கலந்து தயாரித்துத் தரக் கூடாத அளவுக்குப் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள பொருட்களின் பட்டியலில் வைத்தது.

குப்பியில் 'தூய்மை 99%' என்று சான்று இருக்கிறதே, போதாதா?

போதாது. இதைத்தான் மருந்தாளுநராக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த 99% என்பது எச்பிஎல்சி என்ற கருவி சொல்லும் எண். பொடியில் உள்ள பெப்டைட் பொருட்களில் எத்தனை பங்கு அந்தப் பெப்டைட் என்பதை அது காட்டும். குப்பியில் கிருமி இருக்கிறதா என்று காட்டாது. செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் இருக்கிறதா என்றும் காட்டாது. எண்டோடாக்ஸினைக் கொதிக்கவைத்தும் போக்க முடியாது. மிகச் சிறிய அளவு உடம்பில் ஏறினாலும் குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரை போகும். ஊசி மருந்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொகுதியையும் இதற்கெனத் தனியே சோதிப்பது இதனால்தான். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று அச்சிட்ட குப்பி அந்தச் சோதனைகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்த ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, விற்பவர் தன் பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிடுகிறார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று குப்பிகளைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் பாசத்தோடு வாங்கி அனுப்பியது. "தம்பி, மூணையும் ஒரே சிரிஞ்சில் எடுத்தால் ஒரு குத்துதானே?" என்று கேட்டார். வேதியியல் படித்த மனிதர். அவரிடமே திருப்பிக் கேட்டேன்: "சார், மூணும் ஒரே அமிலத்தன்மையில் கரையுமா? ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதா? இதைச் சோதித்த காகிதம் ஏதாவது கூட வந்திருக்கிறதா?" சற்று நேரம் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரண்ட பெப்டைட் துகளை உடல் எதிரியாகப் பார்க்கும். மாட்ஸ்-சி போல உடலிலேயே இருக்கும் ஒன்றுக்கு எதிராக நோய் எதிர்ப்பு கிளம்பினால், சொந்தச் சரக்கையும் அது தாக்கக் கூடும். அவர் அன்று குப்பிகளைப் போடாமலே வைத்தார்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த நீண்ட ஆயுள் மாநாடு ஒன்றில் பெப்டைட் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

யார் கிட்டவே போகக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவர்கள். புற்றுநோய் உள்ளவர்கள், வந்து போனவர்கள். ஹியூமனினின் வேலையே செல் சாகாமல் தடுப்பதுதான், சாக வேண்டிய செல்லுக்கும் அது காவல் நின்றால் என்ன ஆகும்? இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மாட்ஸ்-சியால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். எலாமிப்ரிடைட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது, எனவே கிரியாட்டினின் கூடியிருப்பவர்களுக்கு அது உடலில் தேங்கும்.

என் மகள் மாநில அளவில் ஓடுகிறாள். பயிற்சியாளர் மாட்ஸ்-சி சொன்னார்.

வேண்டாம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் ஏஎம்பிகே தூண்டிகளின் கீழ் மாட்ஸ்-சி பெயர் சொல்லியே இருக்கிறது. போட்டிக் காலம், ஓய்வுக் காலம் என்ற வித்தியாசமும் இல்லை. பயிற்சியாளரையும் மறுபரிசீலனை செய்யுங்கள்.

ஊசி இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவைப் பலப்படுத்த முடியுமா?

முடியும். வேறெந்தப் பதிலையும்விட இதற்கு ஆதாரம் அதிகம். 1967லேயே ஜான் ஹோலோசி எலிகளை ஓடவைத்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டினார். 2017இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயரின் குழுவினர், 18 முதல் 30 வயதுக்காரர்களையும் 65 முதல் 80 வயதுக்காரர்களையும் 12 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். நான்கு நிமிடம் மூச்சிரைக்க சைக்கிள் மிதி, சற்று இளைப்பாறு, மறுபடி மிதி என்ற முறையில் தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் திறன் இளையவர்களுக்கு 49 சதவீதம் கூடியது. மூத்தவர்களுக்கு 69 சதவீதம். மூத்தவர்களுக்குத்தான் அதிகம்!

அதைவிட எனக்குப் பிடித்தது 2021இல் வந்த ஆய்வு. இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்துத் தசையை எடுத்துப் பார்த்தபோது, அதில் மாட்ஸ்-சி கிட்டத்தட்ட 12 மடங்கு ஏறியிருந்தது. ரத்தத்தில் ஒன்றரை மடங்கு. நீங்கள் குப்பியில் தேடும் அதே பெப்டைடை உங்கள் தொடைத்தசை, கிருமி இல்லாமல், அளவு தெரிந்து, காசு கேட்காமல் தயாரிக்கிறது.

அதற்காக நாளைக்கே மூச்சிரைக்க ஓட வேண்டாம். நெஞ்சுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் ஒரு இசிஜி. பிறகு தினமும் நடை. நான்கு வாரம் கழித்து, நடுநடுவே பேச முடியாத அளவுக்கு ஒரு நிமிட வேகநடை. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். மைட்டோகாண்ட்ரியா 'நலம்' என்று எண் சொல்லும் ரத்தப் பரிசோதனையை வாங்கிச் செய்வதைவிட அந்தத் தாள் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இந்தியாவில் இவற்றை வாங்குவது சட்டப்படி சரியா?

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, மனிதர்களுக்கான புதிய மருந்துக்கு மத்திய மருந்து அமைப்பின் ஒப்புதல் வேண்டும். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' குப்பி மருந்தே அல்ல. அதை ஊசியில் ஏற்றித் தரும் கிளினிக்கிடம் உரிமம் எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள்.

ஏற்கெனவே இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டு வருகிறேன். இப்போது என்ன செய்வது?

முதலில், உங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நடக்க முடிய வேண்டும், பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்ற ஆசைதான் இதற்குப் பின்னால் இருக்கிறது.

நிறுத்துவதுதான் என் யோசனை. குப்பியை வீசிவிடாதீர்கள், பெயரும் தொகுதி எண்ணும் உள்ள லேபிளோடு குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். ஏதாவது நேர்ந்தால் மருத்துவருக்கு அது வேண்டும். எந்த நாளில் எதைப் போட்டீர்கள் என்று நினைவிருக்கும்வரை எழுதி, குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல் நொதிகள், முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே சிரிஞ்சை இன்னொருவரோடு பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையும் அவசியம்.

ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகிப் பரவினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு அடைத்தால், உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.